கதவு வந்த ஊர்: வின்னிபெக்கிலிருந்து அலெர்ட் பே வரை ஐந்து நாள்

முதல் நாள் – வின்னிபெக்

ரொறன்ரோவிலிருந்து அதிகாலை விமானத்தில் புறப்பட்டு, முற்பகலில் நானும் என் பதினொரு வயது மகளும் மனித உரிமைகளுக்கான கனடிய அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றோம். இந்தப் பயணம் எனக்குள் நெடுநாளாக இருந்த ஒரு கடனிலிருந்து தொடங்கியது. நான் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்த காலத்தில் அந்த வாசகத்தில் தொல்குடி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அவர்களது உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் மதிப்பதாகச் சொல்லும் வரி 2021இல்தான் சேர்க்கப்பட்டது. என் மகளோ பாலர் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு செப்டெம்பர் 30ஆம் திகதியும் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போகிறவள். தொல்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அவர்களது மொழியையும் பண்பாட்டையும் மறக்கடிக்க அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளை நினைவுகூரும் நாள் அது. 1973இல், ஆறு வயதில், பாட்டி வாங்கிக் கொடுத்த புதிய செம்மஞ்சள் சட்டையோடு வில்லியம்ஸ் லேக் அருகே இருந்த வதிவிடப் பாடசாலைக்குப் போன பிலிஸ் வெப்ஸ்டாட்டிடமிருந்து முதல் நாளிலேயே அந்தச் சட்டை பறிக்கப்பட்ட கதையை எனக்குச் சொல்லித் தந்தவளும் அவள்தான். நான் செய்யாத சத்தியத்தை அவளோடு சேர்ந்து நடந்தாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் தேடி வந்தது ‘சாட்சிப் போர்வை’. குவாக்குவக்யவாக், கடற்கரை சாலிஷ் என்னும் மேற்குக் கரைத் தொல்குடி மரபுகளில் வந்த மரச்சிற்பி கேரி நியூமன் 2014இல் நிறைவு செய்த படைப்பு இது. அவருடைய தந்தையார் வதிவிடப் பாடசாலையில் வளர்ந்தவர். பெயர்தான் போர்வை, ஏறத்தாழ 12 மீட்டர் நீளத்தில், செடார் மரச் சட்டங்களுக்குள் 800க்கும் மேற்பட்ட பொருட்கள் பதிக்கப்பட்டு, வளைந்து நீளும் ஒரு சுவராகவே அது நம் முன் நிற்கிறது. நாட்டின் 77 சமூகங்களிலிருந்து அந்தப் பொருட்கள் சேகரிக்கப்பட்டன. அதற்காக அவரது குழுவினர் 200,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார்கள். இடிந்த பாடசாலைகளின் செங்கற்கள், தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடித் துண்டுகள், பனிச்சறுக்குக் காலணிகள், புகைப்படங்கள், கடிதங்கள் என்று கண் ஓரிடத்தில் தரிக்க முடியாதபடி அவை நெருங்கி இருக்கின்றன. சிற்பி தன் கையால் செதுக்கிய பொருள் என்று அதில் அதிகம் இல்லை. தானாக எதையும் சொல்லாமல், இருந்தவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கும் வேலையையே அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பது சற்று நேரம் நின்ற பிறகே எனக்கு விளங்கியது.

ஒற்றைக் காலணி ஒன்று இருக்கிறது. யூக்கொன் பிரதேசத்தில் கார்க்ராஸ் வதிவிடப் பாடசாலை இருந்த இடத்துக்கு அருகே காட்டுக்குள் கிடைத்த, ஒரு சிறு பிள்ளையின் தோற்காலணி. அதன் மற்றக் கால் எங்கே என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. இன்னோரிடத்தில் பின்னல்கள் தொங்குகின்றன. பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் அவர்களது நீண்ட கூந்தல் கத்தரிக்கப்பட்டதை நினைவூட்டுவதற்காக, நியூமனின் சகோதரிகள் தங்கள் கூந்தலையே கொடுத்திருக்கிறார்கள். என் மகளின் இரட்டைப் பின்னலை விமானத்துக்குப் புறப்படுமுன் இருட்டில் நான்தான் பின்னிவிட்டிருந்தேன். அவள் தன் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றதைப் பார்த்ததும் நான் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிட்டேன்.

பிறகு அந்தக் கதவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அலெர்ட் பே என்னும் சிற்றூரில் இருந்த புனித மைக்கேல் வதிவிடப் பாடசாலையின் நோயாளர் அறைக் கதவு அது. வீட்டுக் கதவுகளைப் போன்ற சாதாரணமான கதவுதான். காய்ச்சலோடு கிடந்த பிள்ளைகள் அம்மா வரமாட்டாள் என்று தெரிந்தே இதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். இந்தப் பயணம் எங்கே முடிய வேண்டும் என்பதை அந்தக் கதவே தீர்மானித்தது. இது தொங்கிய ஊருக்குப் போவோம் என்று மகளிடம் சொன்னேன்.

விடுதிக்குத் திரும்பிய பின் அவள் கேட்டாள்: “அம்மா, அங்க படிச்சவையை ஏன் ‘பழைய மாணவர்’ எண்டு எழுதேல்ல? எல்லா இடத்திலயும் ‘தப்பிப்பிழைத்தோர்’ எண்டுதானே இருக்கு?” ரொறன்ரோவில் நம்மவர்கள் தாங்கள் படித்த ஒவ்வொரு பாடசாலைக்கும் பழைய மாணவர் சங்கம் வைத்து, ஆண்டுதோறும் இராப்போசன விருந்து நடத்துவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போன பாடசாலைகள் அவை; வீடு திரும்பாமலே இறந்தவர்கள் 4,000 பேருக்கு மேல் என்று இன்றுவரையான பதிவேடு சொல்கிறது. படித்து வெளியேறினார்கள் என்று சொல்ல முடியாத பாடசாலைக்கு வேறென்ன சொல் இருக்கிறது என்று நான் அவளுக்குச் சொன்னேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் – வின்னிபெக்

லூக் மார்ஸ்டன் செதுக்கிய செடார் பெட்டியையும் இந்த நகரில்தான் கண்டோம். வதிவிடப் பாடசாலைகளைப் பற்றிய சாட்சியங்களைக் கேட்டுப் பதிவு செய்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2009இல் அவரிடம் செய்வித்தது அது. மேற்குக் கரை மக்களின் பழைய தொழில்நுட்பம்: ஒரே செடார்ப் பலகையில் மூன்று இடங்களில் காடி வெட்டி, நீராவியில் இளக்கி, உடையாமல் வளைத்து, நான்காவது மூலையில் மட்டும் பொருத்துகிறார்கள். மரத்தை வெட்டித் துண்டாக்காமல் மடித்தே பெட்டியாக்கும் அந்த வித்தையை மகள் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து பார்த்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தில் சிற்பியின் பாட்டியாரைப் பார்க்கலாம். கூப்பர் தீவுப் பாடசாலையில் அவரது விரல்கள் முறிந்தன. உரிய வைத்தியம் பார்க்கப்படாமல் அவை வளைந்தே போயின. அந்தக் கைகளைப் பேரன் மரத்தில் வைத்திருக்கிறார்.

ஆணைக்குழு நாடெங்கும் போன இடங்களுக்கெல்லாம் இந்தப் பெட்டியும் போனது. சாட்சியம் கேட்டவர்களும் சொன்னவர்களும் தங்களுக்கு அரிய பொருட்களை அதற்குள் இட்டார்கள். அந்த அமர்வுகளில் நடந்த இன்னொன்றையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். சாட்சியம் சொல்லும்போது அழுதவர்கள் கண்ணீர் துடைத்த தாள்களைக் குப்பையில் எறியாமல் சேகரித்து, அமர்வின் புனிதத் தீயில் இட்டு எரித்தார்கள். கண்ணீர் கழிவு அல்ல என்று அறிந்தவர்கள் நடத்திய விசாரணை அது.

சாட்சிப் போர்வையைப் பற்றி நேற்று எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. வழக்கமாக ஓர் அருங்காட்சியகம் ஒரு படைப்பை விலைக்கு வாங்கும், அதோடு அது அருங்காட்சியகத்தின் உடைமையாகிவிடும். நியூமன் அதற்கு உடன்படவில்லை. தப்பிப்பிழைத்தோர் தந்த பொருட்களையும் அவற்றோடு வந்த கதைகளையும் விற்கத் தனக்கு உரிமை இல்லை என்பது அவர் நிலை. ஆகவே, 2019இல் எழுத்தில் ஒரு சட்ட ஒப்பந்தமும், அந்த ஆண்டு அக்டோபரில் வன்கூவர் தீவின் கொமொக்ஸில், சடங்குகள் நடக்கும் பெருமனையில், குவாக்குவக்யவாக் மரபின்படி சபையின் முன் வாய்மொழியாக ஓர் ஒப்பந்தமுமாக இரண்டும் செய்யப்பட்டன. அதன்படி அருங்காட்சியகமும் சிற்பியும் போர்வையின் உரிமையாளர்கள் அல்லர்; இருவரும் சேர்ந்து அதைப் பராமரிக்கும் பொறுப்பாளர்கள். படைப்பையே தனக்கென உரிமைகள் உள்ள ஒன்றாக அந்த ஒப்பந்தம் ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகளை அரசின் உடைமைபோல எடுத்துச் சென்ற ஒரு வரலாற்றை நினைவுகூரும் பொருள், எவருடைய உடைமையாகவும் ஆகாமல் நிற்கிறது. இந்தப் பயணத்தில் நான் கண்ட எல்லாக் கலைநுட்பங்களையும்விட இந்த ஒப்பந்தத்தையே பெரிதாக மதிக்கிறேன்.

மாலையில் வன்கூவருக்கு விமானம்.

மூன்றாம் நாள் – வன்கூவர்

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் மஸ்குவியம் மக்கள் எவருக்கும் ஒப்புக்கொடுக்காத நிலத்தில் இருக்கிறது. அதன் முதன்மை நடைபாதையில் தெற்கு நோக்கி நடந்தால், மரங்களுக்கு மேலாக ‘நல்லிணக்கக் கம்பம்’ தெரியத் தொடங்கும். ஹைடா மக்களின் பரம்பரைத் தலைவரும் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட் ஏறத்தாழ 800 ஆண்டு வயதான சிவப்பு செடார் மரம் ஒன்றில் செதுக்கியது. 55 அடி உயரம். 2017 ஏப்ரல் 1ஆம் திகதி, நூற்றுக்கணக்கானவர்கள் கயிறு பிடித்து இழுத்து இதை நிமிர்த்தினார்கள்.

கம்பத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சாமன் மீன்களும், குட்டிகளை அணைத்திருக்கும் தாய்க் கரடியும், அண்டங்காக்கையும், மீன்கள் மீண்டும் வரச் சடங்கு செய்யும் பூசகரும் இருக்கிறார்கள். அது பாடசாலைகளுக்கு முந்திய காலம். நடுவில், திடீரென்று, நேர்கோடுகளும் சதுரச் சன்னல்களுமாக ஒரு கட்டடம். கீழேயும் மேலேயும் எங்கும் வளைந்து ஓடும் ஹைடாக் கோடுகள் அந்த ஓரிடத்தில் முறிந்துவிடுகின்றன. உளி வேறு கையிலிருந்து வந்ததுபோல இருக்கிறது. சில்லிவாக்கில் இருந்த கொக்வலீற்சா பாடசாலையின் வடிவம் அது; ஹார்ட்டின் பாட்டனார் போன பாடசாலை. அதற்கு மேலே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சீருடையில் பெயருக்குப் பதிலாக எண். அவர்களுக்குப் பாதங்கள் செதுக்கப்படவில்லை, ஏனெனில் அந்தக் காலத்தில் அவர்கள் கால் பதிய நிலம் இருக்கவில்லை. அவர்களுக்கும் மேலே முன்னோரின் ஆவிகள், மரபுடை தரித்த ஒரு குடும்பம், முன்னோக்கிச் செல்லும் ஓடம், உச்சியில் பறக்க ஆயத்தமாகும் கழுகு.

தூரத்திலிருந்து பார்க்கும்போது கம்பத்தின் சில பகுதிகள் நிறம் மாறித் தெரிந்தன. மழைக்கறை என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும் அது செம்பு என்று தெரிந்தது: ஒன்றோடொன்று நெருங்கி அறையப்பட்ட 68,000க்கும் மேற்பட்ட செப்பு ஆணிகள். வதிவிடப் பாடசாலைகளில் இறந்த பிள்ளைகளின் நினைவாக அவை அறையப்பட்டன. தப்பிப்பிழைத்தோரும், அவர்களது குடும்பத்தாரும், பாடசாலைப் பிள்ளைகளும் சுத்தியல் எடுத்து அவற்றை அறைந்தார்கள். வடமேற்குக் கரையில் செம்பு செல்வத்தின் உலோகம். தலைவர்களின் கேடயங்கள் அதில்தான் செய்யப்பட்டன. மிக மதிப்புள்ளதைத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறார்கள். வெயிலும் மழையும் பட்டுச் செம்பு கறுத்துவருகிறது. ஆணித் தலைகள் சில மங்கியும் சில மினுங்கியும் தெரிகின்றன.

மகள் எண்ணத் தொடங்கினாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. முந்நூறைத் தாண்டியதும் கண் இடம் தவறி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் பக்கத்து வாங்கில் அமர்ந்து, ஓர் ஆணியை அறைய எத்தனை அடி வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதில், தன்னோடு ஒரே படுக்கையறையில் இருந்து பிறகு காணாமற்போன ஒரு பிள்ளையை நினைத்து ஒருவர் சுத்தியலை ஓங்கும்போது, அந்தச் சத்தம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? நினைவுச்சின்னம் என்றால் அணுகாமல் வணங்கும் பொருள் என்றே நான் பழகியிருக்கிறேன். இந்தக் கம்பமோ பல்லாயிரம் முறை அடிக்கப்பட்டு அடிக்கப்பட்டே முழுமை அடைந்திருக்கிறது.

பிற்பகலில், பல்கலைக்கழகத்தின் நடுப்பகுதியில் 2018இல் திறக்கப்பட்ட வதிவிடப் பாடசாலை வரலாறு மற்றும் உரையாடல் மையத்துக்குப் போனோம். சிறிய கட்டடம். அதன் கூரையும் செம்புதான்.

நான்காம் நாள் – வன்கூவர் தீவின் நெடுஞ்சாலை

ஹோர்ஸ்ஷூ பேயிலிருந்து நனைமோவுக்கு வாகனப் படகு. பிறகு வடக்கே போர்ட் மக்நீல் வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காடு, மழை, மரம் ஏற்றிய பாரவூர்திகள். கொமொக்ஸைக் கடந்தபோது அந்த ஒப்பந்தம் நடந்த ஊர் இது என்று மகளுக்குக் காட்டினேன்.

அதற்கு முன்பே போர்ட் அல்பெர்னிக்குப் பிரியும் சாலையைக் கடந்துவிட்டோம். அங்கே திரும்ப நேரம் இருக்கவில்லை, ஆனால் அந்த ஊரின் கதையை வண்டியிலேயே அவளுக்குச் சொன்னேன். அல்பெர்னி வதிவிடப் பாடசாலையில் ரொபேர்ட் ஆலர் என்ற ஓவியர் ஊதியம் வாங்காமல் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். இதை வரை, அதை வரை என்று அவர் சொல்லவில்லை. நினைவில் இருப்பதை வரைய விட்டார். பிள்ளைகள் தங்கள் கரையையும் ஓடங்களையும் மரபுருவங்களையும் வரைந்தார்கள். அந்த ஓவியங்களை அவர் எறியாமல் வைத்திருந்தார். அவரது மறைவுக்குப் பின் அவை விக்டோரியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, மானிடவியலாளர் அன்ட்ரியா வால்ஷும் தொல்குடி மூத்தோரும் ஓவியங்களில் இருந்த பெயர்களைக் கொண்டு வரைந்தவர்களைத் தேடினார்கள். 2013இல் போர்ட் அல்பெர்னியில் விருந்து வைத்து, சிறுவயதில் வரைந்த ஓவியத்தை முதுமையில் அவரவர் கையிலேயே ஒப்படைத்தார்கள். நேற்றுப் பார்த்த கம்பத்தின் பிள்ளைகளுக்கு எண்தான் இருந்தது; இந்தத் தாள்களில் பெயர் இருந்தது. தப்பிப்பிழைத்தோரைப் பற்றிய கலை என்று நாம் தேடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்கள் தாங்களே அதைத் தொடங்கிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் – அலெர்ட் பே

காலைப் படகில் கோர்மரன்ட் தீவுக்கு முக்கால் மணி நேரம். குவாக்குவக்யவாக் மக்களில் ஒரு பிரிவினரான நம்கிஸ் மக்கள் ஊருக்கு வைத்திருக்கும் பெயர் யலிஸ். கரையோரச் சாலை ஒன்று, அதை ஒட்டிய வீடுகள், நம்கிஸ் மக்களின் இடுகாட்டில் நிற்கும் குலமரபுக் கம்பங்கள். இடுகாட்டுக்குள் நுழையக் கூடாது, சாலையில் நின்றே பார்க்க வேண்டும், அப்படியே பார்த்தோம். விழுந்துகொண்டிருக்கும் கம்பங்களை அவர்கள் நிமிர்த்துவதில்லை. மண்ணுக்குத் திரும்ப வேண்டியது திரும்பட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

புனித மைக்கேல் பாடசாலை இருந்த இடம் இப்போது வெற்று நிலம். 1929இல் கட்டப்பட்ட அந்த நான்கு மாடிச் செங்கற்கட்டடம் 1970களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் நம்கிஸ் நிர்வாகமே அதைப் பயன்படுத்தியது. 2015 பெப்ரவரியில், தப்பிப்பிழைத்தோர் கூடி நின்று சடங்கு செய்த பிறகு அது இடிக்கப்பட்டது. அதாவது, நாங்கள் வின்னிபெக்கில் பார்த்த கதவு கட்டடம் இடிபடுமுன்பே வெளியே வந்துவிட்டது. புல்லின் மேல் நின்று, நோயாளர் அறை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று மகள் கேட்டாள். கடலைப் பார்த்த பக்கமாக இருந்திருந்தால் நல்லது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பாடசாலை நின்ற நிலத்தின் அயலிலேயே உமிஸ்டா பண்பாட்டு மையம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் ‘சாட்சி’ என்ற சொல்லின் முழுப் பாரமும் தெரியும். இக்கரை மக்களின் பெருவிழா பொட்லாட்ச். பெயர் சூட்டல், திருமணம், தலைமைப் பொறுப்பு மாறுதல், இறந்தவருக்கான துக்கம் யாவும் அங்கேதான் நடக்கும். விழா வைப்பவர் வந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார். பரிசை வாங்கியவர் விருந்தினர் மட்டுமல்லர், சாட்சி. பார்த்ததை நினைவில் வைத்து, கேட்கும்போது சொல்ல வேண்டிய கடமை அவருடையது. எழுத்துப் பத்திரமும் பதிவுக் கந்தோரும் செய்யும் வேலையை அங்கே மனிதர்களின் நினைவு செய்தது. கனடிய அரசு 1885இலிருந்து 1951 வரை பொட்லாட்சைச் சட்டத்தால் தடை செய்தது. 1920இல் தொல்குடிப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நம்கிஸ் தலைவர் டான் கிரான்மர் நடத்திய பெரிய பொட்லாட்சுக்கு வந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். முகமூடிகளையும் செப்புக் கேடயங்களையும் ஒப்படைத்தவர்களுக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மற்றவர்கள் சிறை போனார்கள். பார்த்தவர்களையும் சொல்லித்தர வேண்டிய பிள்ளைகளையும் ஒரே காலத்தில் பிரித்துவைத்த சட்டங்கள் அவை. நியூமன் தன் படைப்புக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்பதை ஐந்தாம் நாள்தான் சரியாக உணர்ந்தேன்.

பறிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகு, 1980இல் இந்த மையம் திறக்கப்பட்டது. முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. பூட்டி வைக்கப்பட்ட காலம் போதும் என்று திறந்த வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். உமிஸ்டா என்பது ஒரு பழஞ்சொல். முற்காலத்தில் பகைவரால் சிறைபிடிக்கப்பட்டவர் மீட்கப்பட்டோ தப்பியோ வீடு திரும்பினால், அவருக்கு உமிஸ்டா வாய்த்தது என்பார்களாம். தப்பிப்பிழைத்தோர் என்பதைவிட வீடு சேர்ந்தோர் என்பதற்கு நெருக்கமான சொல். முதல் நாள் இரவு மகள் கேட்ட கேள்விக்கு நான் தேடிய சொல் இதுவாக இருக்கலாம்.

படகுத்துறைக்குத் திரும்பி வந்தபோது, வாங்கில் ஒரு முதிய பெண்மணி அமர்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். இவ்வளவு தூரம் ஏன் என்றார். மகள் என்னை முந்திக்கொண்டு, வின்னிபெக்கில் கதவைப் பார்த்தோம், அது இருந்த இடத்தைப் பார்க்க வந்தோம் என்றாள். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் வின்னிபெக்குக்குப் போனதில்லை, முழங்கால் விடாது என்று சொல்லி, அந்தக் கதவைச் சுற்றி என்னவெல்லாம் இருக்கிறது என்று மகளிடம் கேட்டார். அவசரமில்லை, ஒவ்வொன்றாகச் சொல் என்றார்.

மகள் அவர் பக்கத்தில் அமர்ந்து, முதலில் ஒற்றைக் காலணியிலிருந்து தொடங்கினாள். பின்னல்களைச் சொன்னாள், செங்கற்களைச் சொன்னாள், சறுக்குக் காலணிகளைச் சொன்னாள். கதவுக்கு வருவதற்குள் படகு துறையைத் தொட்டு, வாகனங்கள் ஏறத் தொடங்கிவிட்டன. நான் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த படகில் போனோம்.